'டஸ்க்' பார்த்துச் சிரிச்சீங்களா, முகம் சுளிச்சீங்களா?

ஒரு படம் முடிஞ்சதும் நம்ம காலேஜ்ல வர்ற தீர்ப்பு பெரும்பாலும் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு "வேற லெவல்", இன்னொண்ணு "மொக்கை". இந்த ரெண்டு டப்பாவுக்குள்ளயும் அடங்காத படங்கள் வந்தா நமக்கு என்ன சொல்றதுன்னே தெரியாது. 2014-ல வந்த 'டஸ்க்' அப்படிப்பட்ட ஒரு படம். கெவின் ஸ்மித் எழுதி இயக்கினது. ஒரு மனுஷனை மயக்கி, அறுத்து, தைச்சு, வால்ரஸா மாத்தற கதை. ஆமா, வால்ரஸ்தான். ஆர்க்டிக் கடல்ல மீசையும் ரெண்டு நீளத் தந்தமுமா பனி மேல படுத்திருக்குமே, அது. நம்ம பாக் நீரிணைல இருக்கற கடற்பசுவோட குழப்பிக்காதீங்க, அது ரொம்ப சாது.

இந்தப் படம் வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்கும் இதைப் பார்க்கறவங்க மூணா பிரியறாங்க. "பாதில நிறுத்திட்டேன், சாப்பிட முடியல"ன்னு ஒரு கட்சி. "செம காமெடி, விழுந்து விழுந்து சிரிச்சேன்"னு ஒரு கட்சி. "இதுக்கு என்னதான் தேவை, எதுக்கு எடுத்தாங்க"ன்னு மூணாவது கட்சி. ஒரே படம், ஒரே காட்சி. ஒருத்தருக்குக் குமட்டுது, பக்கத்துல இருக்கறவர் சிரிக்கறார்.

நான் சொல்ல வர்றது இதுதான்: மூணு கட்சிக்கும் நியாயம் இருக்கு. ஆனா இந்தப் படம் உண்மையில யாரைப் பத்தினதுன்னு பார்த்தா, அந்த நடுக்கட்சி, அதாவது சிரிச்ச கட்சி, கொஞ்சம் நின்னு யோசிக்கணும். ஏன்னு படிப்படியா சொல்றேன். கதை முழுக்க வரும், அதனால ஸ்பாய்லர் அலர்ட். படம் பார்க்கற ஐடியா இருந்தா பார்த்துட்டு வாங்க, கட்டுரை எங்கயும் ஓடிடாது.

ஒரு விளம்பரம், ஒரு ஹேஷ்டேக்

இந்தப் படம் பிறந்த கதையே பாதி காமெடி. கெவின் ஸ்மித்தை நீங்க கேள்விப்பட்டிருக்கலாம். 1994-ல தான் வேலை பார்த்த கடையிலேயே, சுமார் 27,000 டாலர்ல, கருப்பு வெள்ளைல 'கிளர்க்ஸ்'னு ஒரு படம் எடுத்து பேர் வாங்கினவர். அந்தப் படத்தோட தயாரிப்பாளர் ஸ்காட் மோசியர், இவரோட நண்பர். ரெண்டு பேரும் சேர்ந்து 'ஸ்மாட்காஸ்ட்'னு ஒரு பாட்காஸ்ட் நடத்தினாங்க.

2013 ஜூன்ல ஒரு எபிசோடுல, இங்கிலாந்தோட கம்ட்ரீ தளத்துல வந்த ஒரு வாடகை விளம்பரத்தைப் படிச்சாங்க. ஊர் பிரைட்டன். வீட்ல ரூம் ஃப்ரீ, வாடகையே வேண்டாம். ஒரே ஒரு கண்டிஷன்: தினம் ரெண்டு மணி நேரம் வால்ரஸ் உடை போட்டுக்கணும், வால்ரஸ் மாதிரியே சத்தம் போடணும், மனுஷன் மாதிரி பேசக் கூடாது. விளம்பரம் கொடுத்தவர் ஒரு காலத்துல ஒரு தீவுல தனியா மாட்டிக்கிட்டப்ப அவருக்குத் துணையா இருந்தது ஒரு வால்ரஸ்தானாம், அந்த நட்பு மறுபடி வேணுமாம். (அது சும்மா விளையாட்டுக்குப் போட்ட விளம்பரம்னு அப்புறம் தெரிஞ்சுது. போட்டவர் பிரைட்டனைச் சேர்ந்த ஒரு கவிஞர். படத்துல அவரையே இணைத் தயாரிப்பாளரா சேர்த்துக்கிட்டாங்க.)

அந்த ஒரு மணி நேரமும் ஸ்மித்தும் மோசியரும் சிரிச்சுக்கிட்டே "அந்த வீட்டுக்காரன் ஒரு சைக்கோவா இருந்தா?"ன்னு கதை கட்டிக்கிட்டே போனாங்க. கடைசில ஸ்மித் கேட்கறவங்ககிட்டயே விட்டுட்டார். படம் வேணும்னா 'வால்ரஸ் யெஸ்', வேண்டாம்னா 'வால்ரஸ் நோ'ன்னு ட்விட்டர்ல போடுங்கன்னார். 'யெஸ்' அள்ளிக்கிட்டுப் போச்சு. அதே வருஷம் நவம்பர்ல ஷூட்டிங். 2014 செப்டம்பர்ல டொராண்டோ திரைப்பட விழாவோட நள்ளிரவுப் பிரிவுல முதல் காட்சி. அதே மாசம் அமெரிக்காவுல சுமார் 600 தியேட்டர்ல ரிலீஸ்.

அப்புறம் என்ன ஆச்சு? பட்ஜெட் சுமார் 30 லட்சம் டாலர், வசூல் சுமார் 18 லட்சம் டாலர். 'யெஸ்'னு போட்ட கூட்டம் டிக்கெட் வாங்கல. நமக்கு இது புதுசா என்ன? ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பினா "இந்த ஆப் வந்தா யூஸ் பண்ணுவீங்களா"ங்கற கேள்விக்கு எல்லாரும் 'யெஸ்' டிக் பண்ணுவாங்க, ஆப்பை நாமளும் கைடும் மட்டும் இன்ஸ்டால் பண்ணிருப்போம். கேட்கறது வேற, உட்கார்ந்து பார்க்கறது வேற. அந்த 'யெஸ்'ஸை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

கதை என்ன

ஹீரோ வாலஸ் (ஜஸ்டின் லாங்) ஒரு பாட்காஸ்டர். அவனோட நண்பன் டெடி (ஹேலி ஜோயல் ஆஸ்மென்ட், 'தி சிக்ஸ்த் சென்ஸ்'ல நடிச்ச அதே குட்டிப் பையன்தான்). அவங்க நிகழ்ச்சியோட வேலையே, இன்டர்நெட்ல அசிங்கப்பட்டு வைரல் ஆனவங்களைத் தேடிப் பிடிச்சு, பேட்டி எடுத்து, கிண்டல் பண்றது. படம் ஆரம்பிக்கறப்ப கனடாவுல ஒரு பையனோட வீடியோ வைரல் ஆகியிருக்கு. வீட்டு கராஜ்ல சாமுராய் வாளை வச்சு சுத்திக் காட்டறப்ப தவறி தன் காலையே வெட்டிக்கறான். உலகமே சிரிக்குது. வாலஸும் டெடியும் சிரிச்சு சிரிச்சு மூச்சு வாங்கறாங்க. அந்தப் பையனைப் பேட்டி எடுக்க வாலஸ் கனடாவுக்கே ஃப்ளைட் ஏறறான்.

போய்ப் பார்த்தா, அந்தப் பையன் தற்கொலை பண்ணிக்கிட்டான். வீட்ல துக்கம் நடக்குது. வாலஸோட கவலை என்ன தெரியுமா? ஃப்ளைட் காசு வேஸ்ட், கன்டென்ட் போச்சு.

வெறுங்கையோட திரும்ப மனசில்லாம ஒரு பார்ல உட்கார்றப்ப, டாய்லெட் சுவத்துல ஒரு நோட்டீஸ். கடல் பயணக் கதைகள் நிறைய வச்சிருக்கற ஒரு பெரியவர், வீட்ல தங்க இடம் ஃப்ரீ, கதை கேட்க ஆள் வேணும்னு எழுதியிருக்கார். அவர்தான் ஹோவர்டு ஹோவ் (மைக்கேல் பார்க்ஸ்). வாலஸ் போறான், கதை கேட்கறான், டீ குடிக்கறான், மயங்கி விழறான். முழிச்சுப் பார்த்தா ஒரு கால் இல்ல. சிலந்தி கடிச்சுது, டாக்டர் எடுத்துட்டார்னு பெரியவர் கதை விடறார். அப்புறம்தான் உண்மை தெரியுது. கப்பல் கவிழ்ந்து தனியாக் கிடந்தப்ப தன்னைக் காப்பாத்தின ஒரு வால்ரஸை, பசி தாங்காம தானே கொன்னு தின்ன குற்ற உணர்ச்சி அவருக்கு. அந்த வால்ரஸ் மறுபடி வேணும். அதை மனுஷத் தோல்லயும் எலும்புலயும் செஞ்சுக்கறார். வாலஸோட நாக்கு போகுது, கை ரெண்டும் உடம்போட தைக்கப்படுது, அவனோட கால் எலும்புலயே தந்தம் செதுக்கி வாய்ல சொருகறார்.

முதல் கட்சி: "என்னால முடியல"

பாடி ஹாரர்னு ஒரு வகை இருக்கு. பேய்ப் படத்துல பயம் வெளில இருந்து வரும்: கதவுக்குப் பின்னாடி, கிணத்துக்குள்ள, பழைய பங்களால. பாடி ஹாரர்ல பயமே நம்ம உடம்புதான். டேவிட் க்ரோனன்பெர்கோட 'தி ஃப்ளை' (1986) இதுக்குப் பெரிய உதாரணம். ஒரு விஞ்ஞானி கொஞ்சம் கொஞ்சமா ஈயா மாறுவான். அந்த மேக்கப்புக்கு ஆஸ்கர் கிடைச்சுது. சமீபத்துல 'தி சப்ஸ்டன்ஸ்' (2024) அதே ஆஸ்கரை வாங்கிச்சு. இந்த வகைப் படங்கள்ல மாற்றம் படிப்படியா நடக்கும். ஒரு நகம் கழண்டு விழும், ஒரு பல் விழும். நாமளும் கூடவே நடுங்கிக்கிட்டுப் போவோம்.

'டஸ்க்' அப்படிப் போகாது. ஆபரேஷனை அதிகமாக் காட்டாது. நேரா முடிஞ்ச பொருளைக் கொண்டு வந்து வெளிச்சத்துல போட்டுடும். ராபர்ட் கர்ட்ஸ்மேன் வடிவமைச்ச அந்த உடை கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கிடையாது, நிஜமா செஞ்சது. வேற வேற ஆளுங்களோட தோலை ஒட்டுப் போட்டுத் தைச்ச மாதிரி, மடிப்பு மடிப்பா, அதுக்குள்ள ஜஸ்டின் லாங்கோட கண்ணு மட்டும் தெரியும். அந்தக் கண்ணுதான் பிரச்சினையே. முழுசா மிருகமா இருந்திருந்தா தாங்கியிருப்போம்.

அதனால பாதில ஆஃப் பண்ணவங்களை "பயந்தாங்கொள்ளி"ன்னு ஓட்டாதீங்க. படம் கேட்ட ரியாக்‌ஷனைத்தான் அவங்க கொடுத்திருக்காங்க. ஒரு மனுஷனை அந்த நிலையில பார்க்கறப்ப வயிறு பிரட்டறது ஆரோக்கியமான விஷயம்.

ரெண்டாவது கட்சி: "செம காமெடி"

சிரிச்சவங்களும் பொய் சொல்லல. அந்த உடை அவ்வளவு கோரமா இருக்கறப்பவே அவ்வளவு அபத்தமாவும் இருக்கு. தத்தித் தத்தி நகருது. பேச வாயைத் திறந்தா ஊளைதான் வருது. பெரியவர் ரொம்ப சீரியஸா, ஒரு பாடம் நடத்தற மாதிரி, அவனுக்கு நீச்சல் கத்துக் கொடுக்கறார். மீனைத் தின்னப் பழக்கறார். மைக்கேல் பார்க்ஸ் ஒரு இடத்துல கூட கண்ணடிக்கல, "இது ஜோக்"னு காட்டிக்கல. படம் பிடிக்காதவங்க கூட அவர் நடிப்பைப் பாராட்டறது அதனாலதான்.

இதுக்கு நடுவுல ஜானி டெப் வேற. ஒட்டு மூக்கு வச்சுக்கிட்டு, கனடா பிரெஞ்சு உச்சரிப்புல இழுத்து இழுத்துப் பேசற துப்பறிவாளர் கை லாபாயின்ட். டைட்டில்ல கூட டெப் பேர் வராது, கேரக்டர் பேர்தான் வரும். சிலருக்கு அது போனஸ். எனக்கு அது பெரிய இழுவை. ஒருத்தன் அடித்தளத்துல தைக்கப்பட்டுக் கிடக்கறப்ப, இங்க ஒரு ஆள் பர்கரைப் பத்தி நிதானமாப் பேசிக்கிட்டிருக்கார். பதற்றம் மொத்தமும் ஆவியாயிடுது. எடிட்டிங் டேபிள்ல பாதியாவது போயிருக்கணும்.

இந்த இடத்துல தொல்காப்பியம் எனக்கு ரொம்ப உதவிச்சு. சிரிக்காதீங்க, நான் முழுக்க இங்கிலீஷ் மீடியம், தேடித்தான் படிச்சேன். மெய்ப்பாட்டியல்னு ஒரு பகுதி இருக்கு. மனுஷனுக்கு வர்ற உணர்ச்சிகளை எட்டா பிரிச்சு, ஒவ்வொண்ணும் எதுல இருந்து வருதுன்னு நாலு நாலு காரணம் சொல்லியிருக்காங்க. கிட்டத்தட்ட நம்ம பிளாக் டயக்ராம் மாதிரி, இன்புட், அவுட்புட். சிரிப்பு, அதாவது நகை, எதுல இருந்து வருது? எள்ளல், இளமை, பேதைமை, மடன். அருவருப்பும் இழிவும் கலந்த இளிவரல் எதுல இருந்து வருது? மூப்பு, பிணி, வருத்தம், மென்மை.

சிரிப்புக்கு முதல் காரணம் எள்ளல், அதாவது ஒருத்தரை மட்டம் தட்டறது. இளிவரலுக்குக் காரணம் இன்னொருத்தரோட பிணியும் வருத்தமும். இப்ப 'டஸ்க்' காட்சிக்கு இதைப் பொருத்திப் பாருங்க. திரையில இருக்கறது ஒரே உடம்பு. அவனோட வருத்தத்தைப் பார்க்கறவனுக்கு வயிறு பிரட்டுது. அவனை எள்ளலாப் பார்க்கறவனுக்குச் சிரிப்பு வருது. பக்கத்துப் பக்கத்து சீட்ல ரெண்டு பேருக்கு ரெண்டு ரியாக்‌ஷன் வர்றதுக்கு இதை விடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கல.

மூணாவது கட்சி: "இது தேவையா?"

மூணு கட்சில வலுவான வாதம் இவங்களோடதுதான்னு நினைக்கறேன். ஆனா அவங்க வழக்கமா சொல்ற காரணத்துக்காக இல்ல. "லாஜிக் இல்ல, மெசேஜ் இல்ல"ங்கறது எனக்குப் பெரிய விஷயமாப் படல.

உண்மையான பிரச்சினை அந்தப் பெரியவரோட ஃபிளாஷ்பேக். ஹோவ், தான் ஒரு 'டுப்ளெசி அநாதை'ன்னு சொல்றார். இது படத்துக்காகக் கட்டின கதைன்னு நினைச்சுத் தாண்டிப் போயிடுவோம். ஆனா இது கனடாவுல, கியூபெக் மாகாணத்துல நிஜமா நடந்தது. மோரிஸ் டுப்ளெசி முதல்வரா இருந்த காலம், 1940-கள், 50-கள். அநாதை இல்லத்தை விட மனநல மருத்துவமனைக்கு மத்திய அரசு அதிக நிதி கொடுத்துச்சு. அதனால நல்லா இருந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு 'மனநோயாளி'ன்னு பொய்ச் சான்றிதழ் எழுதி, அப்படியே மருத்துவமனைக் கணக்குல சேர்த்துட்டாங்க. அதுல பலர் அநாதைகளே இல்ல, கல்யாணம் ஆகாத அம்மாக்களுக்குப் பிறந்தவங்க. அடி, உதை, பாலியல் கொடுமை எல்லாம் நடந்துச்சு. 1999-ல தான் மாகாண முதல்வர் மன்னிப்புக் கேட்டார், 2001-ல தான் இழப்பீடு அறிவிச்சாங்க.

ஒரு ஃபைல்ல ஒரு வார்த்தையை மாத்தி ஒரு குழந்தையோட முழு வாழ்க்கையை மாத்தினது. இதை விடப் பெரிய பாடி ஹாரர் இருக்கா? ஆனா படம் இதை எப்படிப் பயன்படுத்துது? வில்லன் ஏன் சைக்கோ ஆனான்னு காட்ட ரெண்டு நிமிஷம், அவ்வளவுதான். அதுல தப்பிச்சு வந்தவங்க பாதிக்கப்பட்டவங்க, ஆனா படத்துல அந்த அடையாளம் ஒரு கொலைகாரனுக்குப் போய்ச் சேருது. இந்த விஷயத்துல படம் மேல எனக்குக் கோபம் இருக்கு. சிரிப்புப் படம்தானேன்னு விட்டுட முடியல.

அப்ப நான் எந்தக் கட்சி?

சிரிப்புக்கே திரும்பி வர்றேன். வாலஸ் யாருன்னு மறுபடி பாருங்க. அடுத்தவன் கால் போனதைப் பார்த்துச் சிரிச்சு, அதைக் காசாக்கறவன். அவனுக்கு முதல்ல போறது என்ன? கால். அடுத்தது நாக்கு, அதாவது அவன் பிழைப்பு. கடைசில அவனே பார்க்கறவங்க சிரிக்கற ஒரு உருவமா ஆயிடறான். படத்துல அவனோட காதலி ஆலி, பழைய வாலஸ் எங்க போனான்னு கேட்கற காட்சி ஒண்ணு இருக்கு. அவன் சொல்றது, பழைய வாலஸ் ஒரு தோத்தவன், காசு இல்லாதவன். ஆக, முதல் உருமாற்றம் ஆபரேஷனுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சுது, அதை அவனே செஞ்சுக்கிட்டான்.

சரி, அவனுக்குக் கிடைச்ச தண்டனை நியாயம்தான்னு கை தட்டலாமா? இங்கதான் படம் நம்மளை மடக்குது. ஒரு ஆளோட உடம்புக்கு நடந்த கொடுமையைப் பார்த்துச் சிரிச்சதுதான் அவன் செஞ்ச தப்புன்னா, அவன் உடம்பைப் பார்த்துச் சிரிக்கறப்ப நாம யாரு? அவன் உட்கார்ந்திருந்த அதே நாற்காலில நாம உட்கார்ந்திருக்கோம். இந்தப் படத்துக்கு 'யெஸ்' போட்டு ஆர்டர் கொடுத்ததே பார்வையாளர்கள்தான், ஞாபகம் இருக்கா?

நம்ம ஊர்லயும் இது நடந்திருக்கு. 2015 பொங்கலுக்கு வந்த ஷங்கரோட 'ஐ' ஒரு விதத்துல பாடி ஹாரர் படம்தான். ஹீரோவோட உடம்பை எதிரிகள் உருக்குலைப்பாங்க, அதைப் பார்த்து நாம பதறினோம். அப்புறம் ஹீரோ எதிரிகளோட உடம்பை ஒவ்வொண்ணா உருக்குலைப்பார், சந்தானம் கேரக்டர் அவங்களை வச்சு ஜோக் அடிக்கும், அதைப் பார்த்துச் சிரிச்சோம். ஒரே படத்துக்குள்ள, ஒரே மாதிரி உடம்பு. முதல்ல இளிவரல், அப்புறம் எள்ளல். எது எப்ப வரணும்னு படம் நமக்கு சிக்னல் கொடுத்துச்சு. 'டஸ்க்' அந்த சிக்னலைக் கொடுக்கறதில்ல. பின்னணி இசை ஒரு பக்கம் இழுக்கும், காட்சி இன்னொரு பக்கம் இழுக்கும். அதனாலதான் தியேட்டர்ல ஒருத்தருக்கு ஒரு ரியாக்‌ஷன். ரியாக்‌ஷன் கலந்து கட்டி வர்றதைப் படத்தோட தோல்வின்னு நிறைய பேர் எழுதறாங்க. எனக்கு, இந்தப் படத்துல உருப்படியா வேலை செய்யற விஷயமே அதுதான்.

இப்ப நம்ம வாட்ஸ்ஆப்பைத் திறங்க. ஸ்டிக்கர் பக்கம் போங்க. எத்தனை பேர் மூஞ்சி அங்க இருக்கு? வைவால முழிச்சவன், கல்ச்சுரல்ஸ் மேடைல ஸ்டெப் மறந்து நின்னவ, பஸ்ல வாயைத் திறந்து தூங்கினவன். கண்ணைப் பாதி மூடியிருந்த ஒரு நொடியை வெட்டி எடுத்து, பார்டர் போட்டு, "ஞே"ன்னு எழுதி ஒட்டியாச்சு. அவங்களுக்கே தெரியாம அவங்க மூஞ்சி மூணு டிபார்ட்மென்ட் தாண்டிப் போயிருக்கும். எங்க பேட்ச்ல ஒருத்தன் அப்படி ஒரு ஸ்டிக்கர் ஆனான். அதுக்கு முன்னாடி செமினார்ல முதல் ஆளா எழுந்து பேசறவன். இப்ப பிளேஸ்மென்ட் குரூப் டிஸ்கஷன்ல கூட யாராவது ஃபோனை அவன் பக்கம் திருப்பினா பேச்சை நிறுத்திடறான். யாரும் அவன் நாக்கை அறுக்கல.

படத்தோட முடிவுக்கு வருவோம். டெடியும் ஆலியும் கண்டுபிடிச்சு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுது. ஒரு வருஷம் கழிச்சுக் காட்டறாங்க. வாலஸ் ஒரு விலங்குகள் காப்பகத்துல, வால்ரஸாவே இருக்கான். ரெண்டு பேரும் பார்க்க வர்றாங்க, ஒரு மீனை எடுத்துப் போடறாங்க. அவன் அதைத் தின்னறான். மிருகத்துல இருந்து மனுஷனைப் பிரிச்சுக் காட்டறது அழுகைதான்னு தன் தாத்தா சொன்னதா ஆலி முன்னாடி ஒரு தடவை சொல்லியிருப்பா. இப்ப வாலஸ் கண்ணுல தண்ணி வருது. அவங்க கிளம்பிப் போயிடறாங்க.

இந்தக் காட்சியைப் பார்த்து எல்லாரும் கேட்கற கேள்வி ஒண்ணுதான்: "ஏன்யா, தையலைப் பிரிச்சு ஆபரேஷன் பண்ண வேண்டியதுதானே? ஆஸ்பத்திரியே இல்லையா அந்த ஊர்ல?" எஞ்சினியரிங் மூளைக்கு இது நியாயமான சந்தேகம்தான். லாஜிக்கா பதில் கிடையாது. ஆனா ஹாஸ்டல்ல இருக்கறவங்களுக்குப் பதில் தெரியும். முதல் வருஷம் ஒட்டின பட்டப்பேரை யாராவது ஆபரேஷன் பண்ணி எடுத்திருக்காங்களா? நாலு வருஷம் கழிச்சு, ஒட்டினவன் யாருன்னே மறந்து போயிருக்கும். நெருங்கின ஃப்ரெண்டு கூட அந்தப் பேர்லதான் கூப்பிடுவான். பாசமாத்தான் கூப்பிடுவான். டெடியும் ஆலியும் பாசமாத்தான் மீன் போடறாங்க.

"நீ ஓவரா யோசிக்கற"

இந்த வாதத்துக்கு ஒரு நல்ல எதிர்வாதம் இருக்கு. "ஸ்மித்தே இதை ஒரு ஜோக்காத்தான் ஆரம்பிச்சார். நீ ஏன் இவ்வளவு பெரிய அர்த்தம் எல்லாம் ஏத்தற?" உண்மைதான். படத்தோட கடைசில பேர்கள் ஓடறப்ப, அந்த பாட்காஸ்ட்ல ஸ்மித்தும் மோசியரும் கதையை யோசிச்சு யோசிச்சுச் சிரிக்கற சத்தத்தையே போட்டிருக்காங்க. வாலஸ் அழுது அஞ்சு நிமிஷம் கூட ஆகியிருக்காது, ரெண்டு பேர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறாங்க.

சிலருக்கு அது படத்தைக் கெடுத்துடுது. எனக்கு அந்தச் சிரிப்புச் சத்தம்தான் படத்துலேயே பயங்கரமான இடம். படத்தோட ஆரம்பத்துல ரெண்டு பாட்காஸ்டர்கள் ஒரு பையனோட வெட்டுப்பட்ட காலைப் பார்த்துச் சிரிச்சாங்க. கடைசில ரெண்டு பாட்காஸ்டர்கள் வாலஸை நினைச்சுச் சிரிக்கறாங்க. ஸ்மித் அதை யோசிச்சு வச்சாரா, சும்மா வச்சாரா, எனக்கு முக்கியமில்ல. சர்க்யூட் டிசைன் பண்ணவர் நினைச்சது ஒண்ணா இருக்கலாம், ஸ்கோப்ல வர்ற வேவ்ஃபார்ம் வேறயா இருக்கலாம். நாம ரிப்போர்ட்ல எழுதறது ஸ்கோப்ல வந்ததைத்தான்.

அதோட, நான் யாரையும் சிரிக்கவே கூடாதுன்னு சொல்லல. ஃப்ரெண்ட்ஸ்குள்ள ஓட்டறது இல்லாத ஹாஸ்டல் ஜெயில் மாதிரி இருக்கும். ஓட்டறதுக்கும் ஸ்டிக்கர் ஆக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு. ஓட்டறப்ப எதிர்ல இருக்கறவன் திருப்பி ஓட்டலாம், அவனுக்கு நாக்கு இருக்கு. ஸ்டிக்கருக்கு நாக்கு கிடையாது. அது போன குரூப்கள்ல பாதில அவன் இருக்கவே மாட்டான். அந்த வால்ரஸ் உடைக்குள்ள இருந்து வாலஸ் ஏதோ சொல்ல முயற்சி பண்றான், நமக்குக் கேட்கறது ஊளை மட்டும்தான். அந்த ஊளைக்குத்தான் தியேட்டர்ல பெரிய சிரிப்பு வரும்.

பார்க்கப் போறீங்கன்னா

இது நல்ல படமான்னு கேட்டா, பாதி நல்ல படம். முதல் அரை மணி நேரம், ரெண்டு பேர் நெருப்புக்குப் பக்கத்துல உட்கார்ந்து பேசற காட்சிகள், அருமை. ஜானி டெப் வந்ததும் சறுக்குது. டுப்ளெசி அநாதைகள் விஷயத்துல தப்பு பண்ணுது. பத்துக்கு ஆறு கொடுப்பேன், அதுல மூணு மைக்கேல் பார்க்ஸுக்கு.

பார்க்கறதா இருந்தா மெஸ்ல சாப்பிடறப்ப பார்க்காதீங்க, ஒண்ணரை ஸ்பீடுலயும் ஓட்டாதீங்க. முடிஞ்சா நாலஞ்சு பேர் சேர்ந்து பாருங்க. படத்தைப் பார்க்கறப்பவே ரூம்ல யார் எங்க சிரிக்கறாங்க, யார் எங்க சிரிப்பை நிறுத்தறாங்கன்னு கவனிங்க. உங்க சிரிப்பு எந்த இடத்துல நின்னுதுன்னும் பாருங்க. முடிஞ்சதும் "மொக்கை", "வேற லெவல்" ரெண்டும் சொல்லாம, அந்த இடத்தைப் பத்தி மட்டும் பத்து நிமிஷம் பேசுங்க.

அப்புறம் ஒரு சின்ன வேலை. ஃபோன்ல இருக்கற அந்த ஸ்டிக்கர்கள்ல ஒருத்தர் மூஞ்சியைத் தேர்ந்தெடுங்க. அவங்க இப்ப எப்படி இருக்காங்க, அந்த ஸ்டிக்கர் சுத்தறது அவங்களுக்குத் தெரியுமான்னு யோசிங்க. தெரியலைன்னா, நேர்ல போய் ஒரு தடவை கேளுங்க: "இது இருக்கட்டுமா, எடுத்துடவா?" எடுன்னு சொன்னா உங்க ஃபோன்ல இருந்து எடுத்துடுங்க, குரூப்லயும் சொல்லுங்க. அவங்க சிரிச்சுக்கிட்டே "இருக்கட்டும் மச்சி"ன்னு சொன்னா, அந்த ஸ்டிக்கரை எனக்கும் அனுப்புங்க.